சுழலும் உருளைக்குத் தாள் கொடுத்தவர்கள்

மேசைமேல் ஒரு தாளை வைத்து அதன் ஓரத்தை விரலால் தள்ளிப் பாருங்கள். சற்றுத் தூரம் நகரும். எதிரே சின்னத் தடை வந்தாலும் நடுவில் புடைத்து எழுந்து மடங்கிவிடும். எதிர் ஓரத்தைப் பிடித்து இழுத்தாலோ கை போகும் மட்டும் கூடவே வரும். இழுவையைத் தாள் தாங்கும், தள்ளலைத் தாங்காது. அந்த இழுவையும் அளவோடு இருக்கவேண்டும். கூடினால் கிழியும், குறைந்தால் தொய்ந்து சுருக்கம் விழும். சுழன்றுகொண்டிருக்கும் ஓர் உருளைக்குத் தாளைக் கொண்டுசேர்க்க முனைந்த எல்லாரும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் நின்றுதான் வேலை செய்திருக்கிறார்கள்.

அச்சின் வரலாற்றை எழுத்தின் பக்கமிருந்து படித்தே பழகிவிட்டோம். எழுத்தை வெட்டியவர், வார்த்தவர், கோர்த்தவர் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்த எழுத்துக்கு முன்னால் தாள் எப்படி வந்து நின்றது, மை பட்டபின் எப்படி விலகிப் போனது என்று கேட்பவர் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. காலையில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே செய்தி போய்ச் சேர முடிந்ததற்குக் காரணம் தாளின் நடையைச் சிலர் கற்றுக்கொண்டதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

தாளின் குணத்தை முதலில் பார்த்துவிடலாம். இரும்பை எந்தத் திசையில் வளைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எதிர்க்கும். தாள் அப்படியல்ல, அது இழைகளின் படிவு. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படிந்துவிடுவதால் நெடுக்குக்கு ஒரு குணம், குறுக்குக்கு ஒரு குணம். நெடுக்கில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கில் கிழித்தால் கோணிக்கொண்டு போகும். காற்றில் ஈரம் ஏறினால் நெடுக்கைவிடக் குறுக்கில் அதிகமாக விரியும். ஒரு முகத்தில் மட்டும் ஈரம் பட்டால் சுருண்டுகொள்ளும். வறண்ட காற்றில் உராய்ந்தால் மின்னேற்றம் பெற்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒரு தாளை எடுக்கப்போனால் இரண்டு வரும். ஐப்பசி மழையில் தாள் கட்டைப் பிரித்து, அறையின் காற்றுக்குப் பழகவிட்டு, அதற்குப் பிறகே மெஷினில் ஏற்றும் அச்சகத்தார் உண்டு. வரைபடத்தில் ஒரு கோடாக மட்டும் தெரியும் இந்தப் பொருள், மெஷினில் ஏறியதும் தன் சுபாவத்தையெல்லாம் காட்டும்.

1814 நவம்பர் 29 அன்று லண்டனின் ‘தி டைம்ஸ்’ நீராவியால் ஓடும் அச்சு இயந்திரத்தில் முதல்முறையாக அச்சாகி வந்தது. இயந்திரத்தைச் செய்தவர்கள் ஃபிரீட்ரிக் கோனிக், ஆந்திரேயாஸ் பவுவர் என்ற இரு ஜெர்மானியர்கள். பத்திரிகையின் உரிமையாளர் இரண்டாம் ஜான் வால்டர் எல்லாவற்றையும் ரகசியமாகவே வைத்திருந்தார். ஐரோப்பாவிலிருந்து முக்கியச் செய்தி வரவேண்டியிருக்கிறது, காத்திருங்கள் என்று கைப்பிரஸ் தொழிலாளர்களிடம் சொல்லிவிட்டு, வேறொரு கட்டடத்தில் இதழை அச்சிட்டு முடித்தார். காலையில் அவர்களிடம் அச்சடித்த பிரதியைக் காட்டி, வேறு வேலை கிடைக்கும்வரை கூலி தருவதாக வாக்குக் கொடுத்தார். கைப்பிரஸ்ஸில் இருவர் சேர்ந்து மணிக்குச் சுமார் 250 தாள் அடிக்கலாம். கோனிக்கின் இயந்திரம் மணிக்கு 1,100 தாள் அடித்தது.

அந்த இயந்திரத்தில் எழுத்துகள் தட்டையான படுகையில் இருந்தன. படுகை முன்னும் பின்னும் போய்வரும். மேலே உருளை சுழலும். தாள் உருளையைச் சுற்றிக்கொண்டு எழுத்தின்மேல் உருண்டு போகும். தாளை உருளையோடு சேர்த்துப் பிடித்தவை நாடாக்கள். நாடாவின் கீழே தாளை வைத்தது மனிதக் கை. நீராவி வந்தபிறகும் தாள் கொடுக்க ஓர் ஆள் நின்றார். இந்த ஆள் ஐம்பது ஆண்டு காலம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அமெரிக்காவில் ரிச்சர்ட் மார்ச் ஹோ எழுத்தையே உருளைமேல் ஏற்றினார். பத்திகளுக்கு இடையில் ஆப்பு வடிவத் தகடுகளைச் செருகி, சுழலும்போது எழுத்து தெறித்துவிடாமல் இறுக்கினார். 1847இல் ஃபிலடெல்பியாவின் ‘பப்ளிக் லெட்ஜர்’ பத்திரிகை இந்த இயந்திரத்தை நிறுவியது. நடுவில் பெரிய உருளை. அதைச் சுற்றி நாலு அழுத்து உருளைகள். ஒவ்வொன்றுக்கும் தாள் கொடுக்க ஓர் ஆள். மணிக்கு 8,000 தாள். பின்னர் பத்து ஆள் நிற்கும் இயந்திரங்கள் வந்தன. அவை மணிக்கு 20,000 அடித்தன. மாடி மாடியாகப் பலகை கட்டி ஆட்கள் நிற்பதை அக்காலத்துச் சித்திரங்களில் காணலாம்.

எட்டாயிரத்தை நாலால் வகுத்தால் ஆளுக்கு மணிக்கு இரண்டாயிரம். இருபதாயிரத்தைப் பத்தால் வகுத்தாலும் அதே இரண்டாயிரம். ஒரு தாளுக்கு 1.8 வினாடி. அதற்குள் அடுக்கிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து, ஓரம் சரிபார்த்து, பிடிப்பானின் வாயில் வைத்துக் கையை எடுக்கவேண்டும். உருளை எவ்வளவு வேகமாகவும் சுழலத் தயார். கையின் வேகம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதைக் கூட்ட வழி தெரியாமல் கைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஹோவின் இயந்திரம் வரலாற்றில் பெரும் வெற்றியாகப் பேசப்படுகிறது. எனக்கு அது, கேட்கவேண்டிய கேள்வியை ஒத்திவைத்த இயந்திரமாகவே தோன்றுகிறது.

ஏனென்றால் முடிவில்லாத தாள் அதற்கு வெகுகாலம் முன்பே உலகத்துக்கு வந்துவிட்டது. பிரான்சின் எஸ்ஸோன் ஊரில் தீதோ குடும்பத்தின் காகித ஆலையில் வேலைசெய்த நிக்கோலா லூயி ரொபேர், 1799இல் தொடர்தாள் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஓடும் கம்பிவலைமேல் கூழை ஊற்றி, நீர் வடியவிட்டு, நீளநீளமாகத் தாள் எடுக்கும் முறை அது. இங்கிலாந்தில் ஃபூர்ட்ரினியர் சகோதரர்கள் பணம் போட, பிரையன் டொன்கின் அதை ஓடும் இயந்திரமாக்கினார். 1803இல் ஹெர்ட்ஃபோர்டுஷயரின் ஃப்ராக்மோர் ஆலையில் அது நிறுவப்பட்டது. சகோதரர்கள் திவாலானார்கள். ரொபேர் பள்ளி ஆசிரியராக வறுமையில் வாழ்ந்து 1828இல் இறந்தார். இன்றும் உலகின் காகித ஆலைகளில் ஓடுவது அடிப்படையில் அந்த முறைதான்.

ஆக ஒரு பக்கம் நாடா போல முடிவில்லாமல் வரும் தாள். மறுபக்கம் நில்லாமல் சுழலும் அச்சு உருளை. இரண்டுக்கும் நடுவில் அந்த நீளத் தாளைத் துண்டுதுண்டாக வெட்டி, அடுக்கி, மறுபடியும் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் இது நடந்தது. காரணம் பாதி இயந்திரம் சார்ந்தது, பாதி அரசாங்கம் சார்ந்தது. பின்னாளில் பென்னி அஞ்சல் முறையால் புகழ்பெற்ற ரோலண்ட் ஹில், தொடர்தாளில் அச்சிடும் சுழல் இயந்திரத்துக்கு 1835இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பிரிட்டனில் அப்போது செய்தித்தாளின் ஒவ்வொரு தாளுக்கும் வரி முத்திரை குத்தியாகவேண்டும். முத்திரை விழுந்த தனித்தாளில்தான் இதழ் அச்சாகலாம். ஓடும் தாளில் முத்திரை குத்த அதிகாரிகள் ஒப்பவில்லை. ஹில்லின் இயந்திரம் அங்கேயே நின்றது. 1855இல் முத்திரை வரி நீங்கியது. ஒரு நல்ல வடிவமைப்பை இருபது ஆண்டுகள் நிறுத்திவைக்க ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அளவு அதிகாரம் போதுமாக இருந்திருக்கிறது.

இடைவெளியை மூடியவர்களில் முதல்வர் வில்லியம் புல்லக். 1813இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து அண்ணனிடம் வளர்ந்தார். இரும்பு வார்ப்பும் மெஷினிஸ்ட் வேலையும் கற்றார். விதை விதைக்கும் கருவியும் வைக்கோல் அழுத்தும் கருவியும் செய்த கை அது. பிறகு ஒரு பத்திரிகையும் நடத்தினார். தாள் கொடுக்கும் தொல்லையை அங்கே நேரில் பட்டிருப்பார். 1863இல் அவர் பெற்ற காப்புரிமை, பெரிய ரீலிலிருந்து தாள் தானே அவிழ்ந்து வந்து, இரு பக்கமும் அச்சாகி வெளியேறும் இயந்திரத்துக்கானது. தாள் கொடுக்கும் பலகையும் இல்லை, பலகைமேல் ஆளும் இல்லை.

1867 ஏப்ரலில், ஃபிலடெல்பியாவில் தன் இயந்திரம் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, கழன்ற பெல்ட்டைக் கப்பியின்மேல் காலால் உதைத்து ஏற்றப் பார்த்தார். கால் மாட்டி நசுங்கியது. புண் அழுகி, காலை எடுக்கும் அறுவைச் சிகிச்சையின்போது உயிர் போனது. தன் கண்டுபிடிப்பாலேயே செத்தவர்கள் என்றொரு பட்டியல் போட்டு அதில் இவரை விசித்திரச் செய்தியாகச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ஓடும் பெல்ட்டை உதைத்து ஏற்றுவது அக்காலத்துத் தொழிற்கூடங்களில் பலர் செய்த காரியம். உருளைகளின் வாயிலிருந்து மனிதக் கையை விலக்கிய ஒருவர் தொழிலாளியாகவே வாழ்ந்து, தொழிலாளிக்கு நேரும் சாவையே சந்தித்தார். அவரைப் பற்றிச் சொல்லவேண்டியது அதுதான்.

அவருடைய இயந்திரத்தில் ஒரு குறை இருந்தது. ரீலிலிருந்து வரும் தாளை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அச்சிட்டார். வெட்டிய தாள் மறுபடி தனித்தாளாகிவிடும். அதைப் பிடித்துக் கொண்டுபோகப் பிடிப்பான்களும் நாடாக்களும் வேண்டியிருந்தன. சிக்கலும் அங்கேதான் வந்தது. 1860களின் இறுதியில் ‘தி டைம்ஸ்’ அலுவலகத்திலேயே உருவான வால்டர் இயந்திரம் இதை மாற்றியது. தாள் முழுசாகவே எல்லா உருளைகளையும் தாண்டி, இரு பக்கமும் மை வாங்கி, கடைசியில் வெட்டப்பட்டது. கேட்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் இந்தத் தொழிலின் ஆழமான யோசனை இதுதான் என்பேன். வெட்டாமல் இருக்கும்வரை முன்னால் போகும் தாளே பின்னால் வரும் தாளை இழுத்துவருகிறது. தாளைக் கொண்டுபோகத் தனி அமைப்பு வேண்டியதில்லை. சுமக்கப்படும் பொருளே சுமக்கும் கயிறாகவும் ஆகிவிடுகிறது.

இதற்கு எழுத்தும் வளையவேண்டியிருந்தது. அதற்கும் வழி தாளிலிருந்தே வந்தது. மெல்லிய தாள்களைப் பசையோடு அடுக்கி, ஈரத்தோடு, கோர்த்த பக்கத்தின்மேல் வைத்து அழுத்தினால் எழுத்தின் பள்ளம் மேடெல்லாம் அதில் பதியும். உலர்த்தி, அரைவட்டமாக வளைத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் வளைந்த அச்சுத்தகடு தயார். ஈயம் உருகும் சூட்டைத் தாங்கி நின்றது அந்தக் காகித அச்சு.

இனி உருளைக்கும் தாளுக்கும் உள்ள உறவு. சுழலும் உருளைமேல் தாள் எவ்வளவு தூரம் சுற்றிக்கொள்கிறதோ அவ்வளவுக்குப் பிடிப்பு கூடும். கூடுவதும் நேர்க்கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில். துறைமுகத்தில் கப்பல் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒருவர் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே கணக்கு. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், அரைச் சுற்றுக்கு ஒரு பக்க இழுவை மறுபக்கத்தைவிட இரண்டரை மடங்காகலாம். முழுச் சுற்றுக்கு ஆறரை மடங்கு. ஆகவே தாளை நசுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, சுற்றவிட்டால் போதும். தாள் தன்னை நோக்கி வரும் உருளையின் அச்சுக்குச் செங்குத்தாகவே நுழையப் பார்க்கும் என்பதும் ஒரு விதி. ஓர் உருளை தலைமுடி அளவு கோணினாலும் தாள் பக்கவாட்டில் ஊர்ந்து போகத் தொடங்கும். இதே விதியை வைத்துத்தான், ஓர் உருளையை வேண்டுமென்றே துளி சாய்த்து, விலகிய தாளைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

ரீலின் கதை இன்னும் நுட்பமானது. சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள செய்தித்தாள் காகிதம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு டன் ரீல் என்றால், அதில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தாள் சுற்றியிருக்கிறது. விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் ஓட்டினால் இருபத்தைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ரீல் பெரிதாக இருக்கும்போது மெதுவாகச் சுழலும். தாள் கரையக் கரையச் சுழற்சி கூடிக்கொண்டே போகும். ரீலில் போட்ட பிரேக்கை அப்படியே விட்டுவைத்தால், ஆரம் குறையக் குறையத் தாளின்மேல் இழுவை ஏறி, கடைசியில் அறுந்துவிடும். அதனால் ரீல் மெலிவதற்கு ஏற்றபடி பிரேக்கும் தளர்ந்துகொண்டே வரவேண்டும். அதைச் சொல்ல ஒரு மிதக்கும் உருளை உண்டு. இழுவை கூடினால் அது ஒரு பக்கம் நகரும், குறைந்தால் மறுபக்கம். அதன் அசைவைப் பார்த்துப் பிரேக் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஒரு ரீல் தீரும்போது இயந்திரத்தை நிறுத்துவதும் இல்லை. புது ரீலின் ஓரத்தில் பசை தடவி, ஓடும் தாளின் வேகத்துக்கே அதையும் சுழற்றிக்கொண்டுவந்து, ஒரு கணத்தில் பழைய தாளை அதன்மேல் அழுத்தி ஒட்டி, பழையதை வெட்டிவிடுகிறார்கள். மதுரையில் ஒரு நாளிதழின் அச்சுக்கூடத்தில் இரவு நின்று இதைப் பார்த்திருக்கிறேன். ஒட்டு உருளைகளுக்குள் புகுந்து வெளியேறியதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. அங்கிருந்த மூத்த மெஷின்மேன் ஒரு மரக்குச்சியால் காத்திருக்கும் ரீலைத் தட்டிக்கொண்டே போனார். எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று ஓசையில் தெரியுமாம். “ஒரு ஓரம் ‘டங்’குன்னும் மறு ஓரம் ‘டொப்’புன்னும் கேட்டா, அந்த ரீலு மடிப்பு விழும் சார். ராத்திரி ஒரு மணிக்கு அதோட மல்லுக்கட்ட முடியாது. மொதல்லயே தள்ளி வச்சிருவோம்” என்றார். இழுவையை அளக்கும் கருவிகளும் அங்கே இருந்தன. இரண்டும் தேவைப்பட்டன என்பதை அவரே சொன்னார்.

நம் சிறுபத்திரிகைகள் பலவும் இந்த ரீல் உலகத்தைச் சேர்ந்தவை அல்ல, காலால் மிதித்து ஓட்டும் டிரெடிலின் பிள்ளைகள். டிரெடிலில் சுழலும் அச்சு உருளையே கிடையாது. எழுத்து கோர்த்த பாரமும் அழுத்துப் பலகையும் திறந்து மூடும். அது திறந்திருக்கும் நேரத்துக்குள் வலது கை ஒரு தாளை வைக்கும், இடது கை அச்சான தாளை எடுக்கும். காலும் இரு கையும் ஒரே தாளத்துக்குப் பழகவேண்டும். பிசகினால் விரல் போகும். விரல் போனவர்கள் இருந்தார்கள். முந்நூறு நானூறு பிரதி போட்ட இதழ்களின் ஒவ்வொரு பக்கமும் அப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்தவைதான். கவிதை எழுதியவர் பெயர் இதழில் இருக்கிறது, அட்டை வரைந்தவர் பெயர் இருக்கிறது. தாள் கொடுத்தவர் பெயர் போட்ட இதழ் எதையும் நான் கண்டதில்லை.

தாளை ஓட்டுவது ஒரு கலை என்றால், சரியான நேரத்தில் ஓட்டாமல் இருப்பது இன்னொன்று. அதற்குத் தட்டச்சுப் பொறிக்கு வரவேண்டும். மில்வாக்கியில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் 1868இல் காப்புரிமை பெற்ற முதல் மாதிரியில் தாளை ஒரு சட்டத்தில் தட்டையாக இறுக்கியிருந்தார்கள். உருளை பிறகு வந்தது. 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறியில் தாள் உருளையைச் சுற்றியே போனது. உருளையைத் திருப்பினால் வரி மாறும். ஒவ்வோர் எழுத்துக்கும் உருளையும் தாளும் ஒரு கட்டம் பக்கவாட்டில் நகரும். ஒரு சுருள்வில் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பற்சக்கரத் தடுப்பு, விசை தட்டும்போது மட்டும் ஒரே ஒரு பல் அளவு விட்டுக்கொடுக்கிறது.

ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. ககர மெய்யை அடிக்கவேண்டுமென்றால் க என்ற எழுத்தும் அதன் தலைமேல் புள்ளியும் ஒரே கட்டத்தில் விழவேண்டும். புள்ளிக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம் என்று தாள் நகர்ந்தால் இரண்டும் பிரிந்துபோகும். எல்லா மெய்க்கும் தனித்தனி விசை வைக்கப் பொறியில் இடமில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா தன் தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கையாண்ட தீர்வு நகரா விசை. அந்த விசையைத் தட்டினால் குறி தாளில் விழும். தடுப்பு மட்டும் விடாது. தாள் நின்ற இடத்திலேயே நிற்கும். முதலில் புள்ளி, பிறகு எழுத்து. புள்ளி வந்து காத்திருக்க, எழுத்து அதன் கீழே வந்து அமரும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் என்று படித்த பல தலைமுறைத் தமிழர்களின் விரல்களுக்கு அந்த வரிசை பழகிப்போயிருந்தது. முத்தையாவை விசைப்பலகை அமைத்தவர் என்று கொண்டாடுகிறோம், சரிதான். எந்தெந்த எழுத்துக்குத் தாள் நகரக்கூடாது என்று முடிவுசெய்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

டிரெடில்கள் இப்போது எடைக்குப் போகின்றன. தட்டச்சுப் பொறிகள் பெரும்பாலும் போய்விட்டன. ரீல் இயந்திரங்கள் ஓடும் அச்சுக்கூடங்களும் குறைந்துவருகின்றன. குச்சியால் ரீலைத் தட்டி ஓசை கேட்டவர்களும், இரு கையால் டிரெடிலுக்குத் தாள் கொடுத்தவர்களும், நகரா விசையின் தடுப்பைப் பழுதுபார்த்தவர்களும் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், வயதாகிவிட்டது. கோர்ப்பவர்களைப் பற்றியாவது கதைகளும் கட்டுரைகளும் இருக்கின்றன. இவர்கள் கைக்குத் தெரிந்தது எங்கும் எழுதப்படவில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரிந்திருந்தால், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். தாளை எப்படிப் பிரித்தார், எவ்வளவு இறுக்கினார், எந்தச் சத்தத்துக்கு மெஷினை நிறுத்தினார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.